பழைய ஜீப், ஜிப்ஸி சேஸில் துரு: கேள்வி பதில்

பழைய மகிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி, லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) துரு பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கொடைக்கானல்: அண்ணே, என்னுடையது எம்.எம். 540 ஜீப். சேஸின் பின்பக்கம் துரு தெரிகிறது. மேலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அடிப்பக்கத்தைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சின்னச் சுத்தியலால் சேஸ் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். சத்தம் பொத்தென்று அமுங்கினால் அங்கே பழைய ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்துங்கள். இறங்கிவிட்டால் அந்த இடம் போய்விட்டது.

ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடம், பாடி உட்காரும் போல்ட்டுகள், கடைசி கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். ரிவெட் அடித்து இரண்டு தகடு சேரும் இடங்களில் விளக்கடித்துப் பாருங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் தகடுகளையே நெம்பி விரித்துவிடும். சேரும் விளிம்பு உப்பியிருந்தால், மேலே பெயிண்ட் பளபளத்தாலும் நம்பாதீர்கள்.

ராமநாதபுரம்: ஜிப்ஸி சேஸ் வெளியே சுத்தமாக இருந்தது. ஜாக்கி வைத்ததும் தகடு உள்ளே அமுங்கிவிட்டது. எப்படி?

பழைய ஜீப் சேஸ் பெரும்பகுதி ஒரு பக்கம் திறந்த சேனல். துரு கண்ணுக்குத் தெரியும். ஜிப்ஸியுடையது மூடிய பெட்டி. உள்ளே போன சேறும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் தங்கி, உள்ளிருந்தே தின்கின்றன. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் அரிப்பு நிற்காது. அமுங்கிய இடத்தில் மட்டும் தகடு வைக்காதீர்கள். இருபுறமும் எதுவரை மெலிந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்த பிறகே வெட்டும் அளவை முடிவு செய்யுங்கள்.

கோயம்புத்தூர்: ஓட்டை மேல் தகடு வைத்து வெல்டு அடித்தால் போதும் என்கிறார் எங்கள் பட்டறைக்காரர். சரியா?

சரியில்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். துருவின் மேல் வெல்டு பிடிக்காது. பிடித்தது போல் தெரியும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் துரு புதுத் தகட்டையும் தின்னத் தொடங்கும். மலை இறக்கத்தில் ஷேக்கிள் பிய்ந்தால் ஆக்சில் கோணிக்கொள்ளும், வண்டி கைக்கு அடங்காது. இப்படித் தகடு ஒட்டி, பெயிண்ட் அடித்து, ‘சேஸ் சுத்தம்’ என்று விற்ற வண்டிகளைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

சரியான முறை இது. வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில், ஸ்டாண்டுகள் மேல், சேஸ் தொய்யாதபடி நிறுத்துங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். வெட்டப்போகும் இடத்தின் குறுக்கே எல் வடிவ ஆங்கிள் இரும்பு ஒன்றைத் தற்காலிகமாக வெல்டு அடித்துப் பிடிமானம் கொடுங்கள். அப்புறம் கிரைண்டரால் பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். ஓட்டை கையளவு இருந்தால் வெட்டு முழ நீளம் போகலாம். மனம் கேட்காது, ஆனாலும் வெட்ட வேண்டும்.

பழைய தகட்டின் கனமுள்ள மைல்டு ஸ்டீலில் துண்டு செய்து, விளிம்புகளைச் சாய்த்துத் தேய்த்து, வெட்டிய இடத்தில் பொருத்துங்கள். ரொம்பக் கனமான தகடு போட்டால் அது வளையாது. பக்கத்துப் பழைய இரும்பு விரிசல் விடும். மேலே வலுவுக்குத் தகடு வைப்பதானால் அதைச் சாய்சதுரமாக வெட்டுங்கள். சேஸின் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஓடும் வெல்டுதான் விரிசலுக்கு வழி. வெல்டைச் சின்னச் சின்னதாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு அடியுங்கள். ஒரே ஓட்டமாக அடித்தால் சூட்டில் சேஸ் முறுக்கிக்கொள்ளும். முடிந்ததும் குறுக்களவை மறுபடி எடுத்து, எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள்.

சேலம்: ராடு வெல்டிங் போதுமா, மிக் (கம்பி தானாக ஓடும் வெல்டிங்) வேண்டுமா?

நல்ல கை இருந்தால் எதுவும் போதும். ராடு என்றால் 7018 எண் ராடு எடுங்கள், ஆனால் அதை ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். முடிந்தால் பாடியை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். படுத்துக்கொண்டு தலைக்குமேல் அடிக்கும் வெல்டை அடிக்கிறவராலேயே சரியாகப் பார்க்க முடியாது.

திண்டுக்கல்: வெல்டிங்குக்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

பெட்ரோலோ டீசலோ, டேங்க்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். பழைய ஜீப்கள் பலவற்றில் அது முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். காலி டேங்க்கை நம்ப வேண்டாம்; உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றுங்கள். பிரேக் பைப்பும் ஒயரிங்கும் சேஸை ஒட்டியே ஓடுகின்றன, அவற்றையும் விலக்குங்கள். பக்கத்தில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் இருக்கட்டும்.

ஹட்டன், இலங்கை: அண்ணா, எங்களிடம் பழைய லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது. பாடி நல்லது, சேஸ்தான் முடிந்துவிட்டது. சேஸையே மாற்றலாமா?

அதன் பாடி பெரும்பாலும் அலுமினியம், அதனால்தான் தப்பியது. சேஸ் இரும்புப் பெட்டி. கடைசி கிராஸ் மெம்பரும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகளும் மட்டும் போயிருந்தால் அவற்றை வெட்டி மாற்றலாம். நீளச் சட்டங்களில் பல இடம் போயிருந்தால் முழுச் சேஸ் மாற்றுவதே நல்லது. துத்தநாகத்தில் முக்கியெடுத்த புதுச் சேஸ் இங்கிலாந்தில் செய்து விற்கிறார்கள். அதில் எதையாவது பற்றவைக்க நேர்ந்தால் அந்த இடத்துப் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

கூடலூர்: எஸ்டேட் ஜீப், உரமூட்டை ஏற்றுகிறோம். சேஸுக்கு வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா? ரப்பர் கோட்டிங் நல்லதா?

பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் உப்புதான், கடலோர வண்டிக்கு வரும் கேடே உங்களுக்கும் வரும். உரம் ஏற்றிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேஸ்ட் ஆயில் ஸ்பிரிங் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணையும் கெடுக்கும், வேண்டாம். ரப்பர் கோட்டிங்கைத் துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியது போல ஆகிவிடும்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மிச்சமிருக்கும் லேசான துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, எபாக்சி பிரைமர், அதன்மேல் சேஸ் பிளாக் என்னும் கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து நிறுத்தினால் ஈரம் ஊடுருவும். மூடிய பகுதிகளுக்குள் மெழுகு ஸ்பிரே அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

திருநெல்வேலி: சேஸ் நம்பர் இருக்கும் இடத்திலேயே துரு. என்ன செய்வது?

அதில் கிரைண்டர் வைக்காதீர்கள். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, படம் எடுத்து, எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட்டும் எடுத்து வைத்துவிட்டு, கிரீஸ் தடவி விடுங்கள். அந்தத் தகடே போய்விட்டதென்றால், வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள்.