1855-க்கு முன் ஸ்காட்லாந்து கிராமத்தில் வாழ்ந்தவர்களை எப்படித் தேடுவது?

முதலில் 'பாரிஷ்' என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு தேவாலயமும் அதன் பொறுப்பில் இருந்த ஊர்கள், பண்ணைகளும் சேர்ந்த வட்டாரம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல்தான், அதற்கு முன் பெரும்பாலும் அந்தந்தப் பாரிஷின் தேவாலயப் பதிவேடுதான் கதி. இருப்பதில் பழையது எரோல் என்ற ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது.

நம் வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதியவர் பெயர்தான் அதில் இருக்கும், ஊரார் எல்லோர் பெயரும் இருக்காது. இதுவும் அப்படித்தான்: ஞானஸ்நான நாளை எழுதிவிட்டுப் பிறந்த நாளை விட்டுவிடுவார்கள், வேறு சபைக்குப் போனவர்கள் பலர் விடுபட்டிருப்பார்கள், 1783-இல் பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி வந்தபோது பலர் பதியாமலே இருந்துவிட்டார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, திருமணமான பெண்ணையும் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே எழுதியிருப்பது. தாய்வழியைத் தொடர அது பெரிய உதவி.

அப்புறம் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், அதனால் 37 வயதுக்காரரை 35 என்றே குறித்திருப்பார்கள்.

பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அந்த ஆள் அந்த ஊரிலேயே இல்லை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள், அது சரியில்லை. ஏழைகளுக்குக் கொடுத்த உதவிப் பணத்தைத் தேவாலய நிர்வாகக் குழு எழுதிவைத்த குறிப்பேட்டில் அதே பெயர் இருக்கலாம்.