ரோஸும் நீலமும் இல்லாமல் ஒரு லேபிள்

கேள்வி: தேன்மெழுகு லிப் பாமும் தேங்காயெண்ணெய் சோப்பும் செய்து விற்கிறோம். லேபிளில் ரோஸ் நிறப் பூ டிசைன். ‘இது பொம்பளையளுக்க சாதனமாக்கும்’ என்று ஆண்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாதி ரோஸ், பாதி நீலம் போடலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். ரோஸும் நீலமும் சேர்ந்தால் கைக்குழந்தைக்கான பொருள் போலிருக்கும். கறுப்பும் சாம்பலும் மட்டும் என்றால் ஷேவிங் கிரீம் ஆகிவிடும். உங்கள் ரோஸில் உறுத்துவது அதன் பளிச்சென்ற தன்மைதான். அதே ரோஸில் மஞ்சளும் கறுப்பும் ஏற்றி மங்க வையுங்கள்; கூரை ஓட்டின் செம்பழுப்பு வரும். அதை எடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பாருங்கள்: அதிலுள்ள கார்னெட் என்ற தாதுவின் செம்பழுப்பு, இல்மனைட் என்ற தாதுவின் கருமை. இவற்றோடு தேங்காய்ப் பருப்பின் வெள்ளையும் சேர்ந்தால் போதும், நான்காவது நிறம் தேட வேண்டாம். அச்சில் எல்லா நிறமும் நான்கு மைகளால் வரும்: சியான் (நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கறுப்பு. அச்சகத்தில் ஒவ்வொரு மையும் எத்தனை சதவீதம் என்று இப்படிச் சொல்லுங்கள். அடித்தளம்: மெஜந்தா 5, மஞ்சள் 14. டிசைனுக்கு: சியான் 25, மெஜந்தா 65, மஞ்சள் 60, கறுப்பு 25. எழுத்துக்குக் கறுப்பு மட்டும், 100. நான்கு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து போட்டால், அச்சு இம்மி விலகினாலும் ஓரம் கலங்கித் தெரியும்.

பூவைக் கைவிட வேண்டியதில்லை. நெளிந்த கொடியையும் மெல்லிய சுருளையும் எடுத்துவிட்டு, இதழைத் தட்டையான வடிவமாக்கி ஒரே இடைவெளியில் அடுக்குங்கள். லிப் பாம் டப்பிக்கு ஓர் இதழ் 4–5 மி.மீ., சோப்பு உறைக்கு 10–12 மி.மீ. கோடு 0.25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நிறத்துக்குள் வெள்ளையாக விடும் கோடு 0.35 மி.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் மை பரவி அடைத்துவிடும். எழுத்தின் பின்னால் டிசைன் ஓடவே கூடாது. டிசைனை போனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இதழும் தளமும் ஒன்றாகக் கலந்தால் செம்பழுப்பை இன்னும் கருக்குங்கள்.

பழுப்புக் காகிதம் ‘இயற்கை’ போலத் தெரியும் என்று பலர் அதை எடுக்கிறார்கள். வெள்ளை மை இல்லாத மெஷினில் உங்கள் வெள்ளைத் தளம் அதில் காணாமல் போகும், செம்பழுப்பு சேறாகும். சாதாரணக் காகித ஸ்டிக்கரோ எண்ணெய் குடித்துத் திட்டுத்திட்டாகும். மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய மேல்படலம்) போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கரே உங்கள் பொருளுக்குச் சரி. லேமினேஷன் நிறத்தைச் சற்று மாற்றும். ஆகவே அது ஒட்டிய மாதிரியைப் பகல் வெளிச்சத்திலும் கடையின் டியூப்லைட்டிலும் பார்த்தபின் ஒப்புக்கொள்ளுங்கள். போன் திரையை நம்பாதீர்கள்.

மொத்தமாக அடிக்குமுன் ஒரு மாதிரியின் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். மூடாத பாதியில் மெஜந்தாவோ மஞ்சளோ வெளுத்திருந்தால் வெயில் தாங்கும் மை கேளுங்கள்.