ஒருங்கமை சமன்பாடுகள்: கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்

26 வருடமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டு மாறி, மூன்று மாறிச் சமன்பாடுகளை, அதாவது இரண்டு மூன்று தெரியாத எண்களை ஒருசேரக் கண்டுபிடிக்கும் ஒருங்கமை சமன்பாடுகளை, நடத்துவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை: டீச்சர், பிள்ளைகள் வரைபடத்தில் கோடு சரியாகப் போடுகிறார்கள். எதற்குப் போடுகிறோம் என்றுதான் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முறை எதையும் சொல்லாமல் தொடங்குங்கள். கரும்பலகையில் இரண்டு பில் எழுதுவேன். 2 டீ, 3 வடை, 54 ரூபாய். 2 டீ, 5 வடை, 70 ரூபாய். யாரும் பேனாவைத் தொடக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "ரெண்டு வடை கூட, பதினாறு ரூபா கூட. அப்போ வடை எட்டு ரூபா." டீ 15 என்பது அப்புறம் தானாக வந்துவிடும். ஒரு மாறியை அகற்றிவிட்டு மற்றதைக் கண்டுபிடிக்கும் நீக்கல் முறை மொத்தமும் அந்தப் பிள்ளை சொன்னதில் இருக்கிறது.

மறுநாள் கணித அறிஞர் மகாவீரரின் கணக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் எழுதிய கணித சார சங்கிரகத்தை ரங்காச்சாரியா 1912இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். அதில் உள்ளது: 9 நாரத்தை, 7 விளாம்பழம் சேர்ந்து 107, 7 நாரத்தை, 9 விளாம்பழம் 101. ஒவ்வொன்றும் என்ன விலை? பிள்ளைகள் உடனே 7ஆலும் 9ஆலும் பெருக்கக் கிளம்புவார்கள். விடுங்கள், பெருக்கட்டும். முடித்த பிறகு இரண்டையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 16 நாரத்தையும் 16 விளாம்பழமும் 208. ஆக ஒன்றும் ஒன்றும் 13. கழித்தால் 2 நாரத்தை, 2 விளாம்பழத்தைவிட 6 அதிகம். ஒன்றுக்கு 3 வித்தியாசம். நாரத்தை 8, விளாம்பழம் 5. அந்த இடத்தில் வகுப்பில் ஒரு 'ஆ' கேட்கும். அதற்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

மூன்றாம் நாள் வரைபடம். ஒரு கோடு என்பது முதல் பில்லுக்குப் பொருந்தும் எல்லா விலை ஜோடிகளும். இன்னொரு கோடு இரண்டாவது பில்லுக்கு. வெட்டும் புள்ளி ஒன்றுதான் இரண்டுக்கும் பொருந்தும். டீக்கடையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

ஒரு அப்பா: என் மகள் 'எக்ஸ் = டீ' என்று எழுதுகிறாள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். எக்ஸ் என்பது டீ அல்ல, ஒரு டீயின் விலை ரூபாயில். அது ஓர் எண். முதல் வரியில் இதை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சி ஆசிரியர்: 3 எக்ஸ் + 2 ஒய் = 12, 3 எக்ஸ் − 5 ஒய் = −9. கழிக்கும்போது பாதி வகுப்பு −3 ஒய் என்று எழுதுகிறது.

'கீழே குறியை மாற்று' என்று சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். பிள்ளை முதல் உறுப்பில் மாற்றிவிட்டு அடுத்ததில் மறந்துவிடுகிறது. என் வகுப்பில் கழித்தலே கிடையாது. இரண்டாவது சமன்பாடு முழுவதையும் −1ஆல் பெருக்கித் தனி வரியாக எழுது, பிறகு கூட்டு. 7 ஒய் = 21, ஒய் 3, எக்ஸ் 2. ஒரு வரி கூடுகிறது, தவறு நன்றாகக் குறைகிறது. விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பார்த்தால் போதாது.

பிளஸ் டூ மாணவர்: அணியின் தரம் காண்பதற்குக் குறுக்குவழி இருக்கிறதா மிஸ்?

அது உங்கள் பிளஸ் டூ ஆசிரியரிடம் கேட்க வேண்டியது, தம்பி.

டியூஷன் ஆசிரியர்: அம்மா, இவ்வளவு எதற்கு? குறுக்குப் பெருக்கல் போதும், எண்களை அம்புக்குறி காட்டும்படி குறுக்கே பெருக்கிக் கழித்தால் விடை வந்துவிடும். அம்புக்குறி படத்தை மனப்பாடம் செய்தால் எந்தக் கணக்கும் மூன்று வரியில் முடியும். என் பிள்ளைகள் மதிப்பெண் தவறவிட்டதில்லை.

சார், அந்த முறை தவறு என்று நான் சொல்லவில்லை. முதலில் கற்றுக் கொடுக்கக் கூடாது என்கிறேன். என் மாணவன் ஒருவன் மகாவீரர் கணக்கை உங்கள் முறையில் போட்டு, நாரத்தை −8, விளாம்பழம் −5 என்று கொண்டுவந்தான். மாறிலியை, அதாவது தனியாக நிற்கும் எண்ணை, இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் பூச்சியம் ஆக்க மறந்துவிட்டான். அதை மறந்தால் இரண்டு விடையும் குறி மாறித்தான் வரும். விலை எப்படிக் குறை எண்ணாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, கண் அம்புக்குறியில் இருந்தது. அதுதான் எனக்கு வருத்தம்.

டியூஷன் ஆசிரியர்: ஒரு பையன் மறந்ததற்கு முறை என்ன செய்யும்? கிராமர் விதியும் இதேதானே? பிளஸ் டூவில் உதவுமே.

இதேதான், ஒத்துக்கொள்கிறேன். கிராமர் 1750இல் வெளியிட்ட விதியின் இரண்டு மாறி வடிவம்தான் குறுக்குப் பெருக்கல். ஆனால் அதற்கு அணிக்கோவை வேண்டும், எண்களைச் சதுரமாக அடுக்கிப் பெருக்கிக் கூட்டிக் கழித்துப் பெறும் மதிப்பு. மூன்று மாறி வந்தால் அப்படி நான்கு, நான்கு மாறிக்கு ஐந்து. ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே போகும். நீக்கல் முறை எத்தனை மாறி வந்தாலும் அதே ஒரு வேலைதான். பிளஸ் டூவில் வரும் காஸ் முறையும் அதுவே. அப்புறம், ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடிய முறை நீக்கல். அம்புக்குறிப் படத்தை எந்தப் பிள்ளையும் தானே கண்டுபிடிக்காது.

ஒரு அம்மா: எந்த முறை சுலபம், டீச்சர்?

எண்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்மா.

இன்னொரு ஆசிரியர்: பிரதியிடல், நீக்கல், இரண்டில் எது சுலபம்?

ஒரு மாறியின் கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண், 1 என்றால் பிரதியிடல்: அந்த மாறியைத் தனியாக்கி மற்றச் சமன்பாட்டில் போட்டுவிடலாம். இல்லையென்றால் நீக்கல். இந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடுவோம், இன்னும் கேட்க எவ்வளவோ இருக்கிறது.

கிராமப்புற ஆசிரியை: 0 = 0 வந்தால் பிள்ளைகள் 'விடை பூச்சியம்' என்று எழுதுகிறார்கள்.

மறுபடி டீக்கடைக்குப் போங்கள். 2 டீ, 3 வடை 54. மறுநாள் 4 டீ, 6 வடை 108. இரண்டாவது பில் புதிதாக எதையாவது சொன்னதா? இல்லை. பழைய செய்தியே இரட்டிப்பாக வந்திருக்கிறது. அதனால் விலையைத் தீர்மானிக்க முடியாது, கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும், முடிவிலியான தீர்வுகள். அந்த 108ஐ 100 ஆக்குங்கள். கழித்தால் 0 = 8 வரும். இரண்டு நாளும் ஒரே விலை என்றால் இப்படி ஒரு பில் வரவே முடியாது. இணைகோடுகள், தீர்வு இல்லை. 0 = 0 என்பது எக்ஸின் மதிப்பு அல்ல, பில்களைப் பற்றிய செய்தி. எக்ஸ் என்னவென்று முதல் வரியில் எழுதியவர்கள் இங்கே குழம்ப மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்: மூன்று மாறிக் கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

முதல் ஜோடியில் ஒரு மாறியை நீக்கிவிட்டு, அடுத்த ஜோடியில் வேறு மாறியை நீக்குவதால் வருவது. எந்த மாறியைத் துரத்துகிறோம் என்று பக்கத்தின் மேலே எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஜோடியிலும் அதே மாறி. மூன்று சமன்பாடும் பயன்பட்டிருக்க வேண்டும்.

டியூஷன் ஆசிரியர்: சரி அம்மா, மூன்று மாறிக்கு ஒரு நல்ல கணக்கு கொடுங்கள். என் முறையிலும் உங்கள் முறையிலும் போடச் சொல்லிப் பார்க்கிறேன்.

சந்தோஷம் சார். சீனாவில் சுமார் 2000 வருடத்துக்கு முன்பே இருந்த கணக்கு. மேல்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 அடித்தால் 39 படி தானியம். 2, 3, 1 கட்டுக்கு 34. 1, 2, 3 கட்டுக்கு 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எத்தனை படி? படி என்பது நம் வசதிக்கு, எண்கள் அவர்களுடையவை. அவர்களும் எண்களை மட்டும் வரிசையாக வைத்து நீக்கித்தான் போட்டார்கள். விடை பின்னத்தில் வரும்: 9¼, 4¼, 2¾. இரண்டு முறைக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து எனக்குச் சொல்லுங்கள்.