வீட்டில் கட்டிய கிட்டார் பெடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிட்டார் சத்தத்தை மாற்றும் சிறு மின்பெட்டியான பெடல் வேலை செய்யாவிட்டால் உடனே சால்டரிங் அயர்னை எடுப்பவர்கள்தான் அதிகம். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் சில அதைக் கொண்டே கோளாறைத் தேடுகின்றன.

டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் சர்க்யூட்டை வெரோபோர்டில் (செம்புக் கோடுகள் ஓடும் துளைப் பலகை) கட்டினேன். பைபாஸில் (எஃபெக்ட் சேராமல் சிக்னல் நேராகப் போகும் நிலை) கிட்டார் சத்தம் வருகிறது. சுவிட்சை மிதித்தால் எல்இடி எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை. ஐசி, டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் கழற்றி மாற்றிவிடட்டுமா?

எதையும் கழற்றாதீர்கள். பைபாஸ் வேலை செய்கிறது என்றால் இரண்டு ஜாக்கும் கேபிளும் சரியாக இருக்கின்றன. எல்இடி எரிவது 9 வோல்ட் பெட்டிக்குள் வந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டும். அது போர்டு வரை போகிறதா என்பதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை கிரவுண்டில் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் முனை) பிடியுங்கள். 4558 ஐசியின் 8-ஆம் காலில் 9 வோல்ட்டை ஒட்டியும், 4-ஆம் காலில் பூஜ்யமும், மற்ற ஆறு கால்களிலும் சுமார் 4.5 வோல்ட்டும் வர வேண்டும். இந்த 4.5 வோல்ட்டைத் தருவது இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் ஒரு 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும். அங்கேயே 4.5 இல்லையென்றால் ஐசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மூன்று பாகங்களைப் பாருங்கள். ஐசிக்கு முன்னால் கிட்டார் சிக்னலை வாங்கும் பஃபர் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் பேஸ் காலைவிட சுமார் 0.6 வோல்ட் குறைவாக இருக்கும். பேஸில் 4.5-க்குப் பதில் 4.2 காட்டினால் பயப்பட வேண்டாம். அங்கே 510 கிலோ ஓம் வழியாக மின்னழுத்தம் வருகிறது. உள் எதிர்ப்பு 10 மெகா ஓம் உள்ள மீட்டரும் அதில் கொஞ்சத்தை இழுத்துவிடும்.

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் சத்தம் எதுவரை வருகிறது என்று தொட்டுக் கேட்க ஆடியோ ப்ரோப் ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டுங்கள். நடுக்கம்பியில் 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, அதன் மறுகாலைத் தொடும் முனையாக வையுங்கள். வெளிவலையை முதலைக் கிளிப்பால் பெடலின் கிரவுண்டில் மாட்டுங்கள். பிளக் உள்ள முனை ஆம்புக்குப் போகட்டும், ஆம்ப் வால்யூம் குறைவாக இருக்கட்டும். அந்தக் கெப்பாசிட்டர் இல்லாமல் தொட்டால் 4.5 வோல்ட் நேராக ஆம்புக்குள் போய் 'டப்' என்று அடிக்கும். பெடலின் இன்புட்டில் போனிலிருந்து ஏதாவது பாட்டை மெதுவாக ஓடவிட்டு, இன்புட் கெப்பாசிட்டரின் இரு பக்கம், டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர், ஐசியின் 3-ஆம் கால், 1-ஆம் கால், டோன் கன்ட்ரோல், வால்யூம் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் முதலில் கேட்காமல் போன இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கிறது.

வெரோபோர்டு என்பதால் இன்னொன்று: 8 கால் ஐசிக்கு அடியில் செம்புக் கோட்டில் நான்கு வெட்டுகள் இருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் எதிரெதிர் கால்கள் இணைந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கோடுகளுக்கு இடையே பேப்பர் கத்தியின் நுனியால் கீறிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈய இழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஃபஸ் ஃபேஸ் என்ற ஃபஸ் பெடலைக் கட்டினேன். டயக்ராமில் பிசி108 டிரான்சிஸ்டர் என்று இருந்தது, கடையில் 2என்3904-தான் கிடைத்தது. சத்தம் வருகிறது, ஆனால் ரொம்பப் பலவீனம். ஸ்ட்ரிங் அதிர்வு அடங்குவதற்குள் கரகரத்து அறுந்துபோகிறது.

2என்3904 போடுவதில் தவறில்லை. கால் வரிசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தட்டையான முகம் உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்க, 2என்3904-இல் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-இல் அப்படியே தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் முழுசாகச் செத்துவிடாது. அதன் பெருக்கம் மட்டும் படுத்துவிடும். சத்தம் வந்தும் பலம் இல்லாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

அது சரியாக இருந்தால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை அளந்து பாருங்கள். இலக்கு 4.5 வோல்ட். 2என்3904 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போட்டு, அந்தக் கலெக்டருக்கு மின்சாரம் தரும் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை அப்படியே வைத்தால் கலெக்டர் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி நிற்கக்கூடும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் ட்ரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, 4.5 வரும்வரை திருகுங்கள், பெரும்பாலும் 5.6 கிலோ ஓமை ஒட்டி வந்து நிற்கும். பிறகு காதால் கேட்டு லேசாக மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை. 5 வோல்ட்டில் இன்னும் இனிமையாக இருந்தால் அங்கேயே விடுங்கள்.

ஏசி128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்டவர்களுக்கு: அதன் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிப்பாகிறது. ஏசி அறையில் அருமையாக ஒலித்த பெடல் சித்திரை வெயிலில், திறந்த மேடையில் அறுந்து ஒலிப்பது இதனால்தான். ட்ரிம்மரை வெளிக் குமிழாக வைத்துவிட்டால் மேடையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

பேட்டரியில் அமைதி. அடாப்டர் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

இரைச்சல் அடாப்டரிலிருந்து வருகிறது. 9 வோல்ட் உள்ளே நுழையும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்குப் பிறகு 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை கிரவுண்டுக்கும் போடுங்கள். இந்த ஜோடி சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகும். 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் பெடலில் இழப்பு வெறும் 0.5 வோல்ட்.

பெடல் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் ஐசி போய்விடும். தொடராக ஒரு 1என்5817 டயோடு போட்டுவிடுங்கள், இழப்பு 0.3 வோல்ட் அளவுதான். பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்ட, பாசிட்டிவ் முனையையே கிரவுண்டாக வைத்த ஃபஸ் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைக்கவே கூடாது. கிட்டார் கேபிளின் வெளிவலை வழியாக அடாப்டரின் இரு முனைகளும் ஷார்ட் ஆகிவிடும்.

கெயினை முழுசாகத் திருப்பினால் 'கீ' என்று கத்துகிறது.

அவுட்புட் சத்தம் இன்புட்டுக்குள் திரும்ப நுழைகிறது. பெடல் கத்திக்கொண்டிருக்கும்போதே, உலர்ந்த மரக்குச்சியால் இன்புட், அவுட்புட் ஒயர்களை ஒன்றைவிட்டு ஒன்றை விலக்குங்கள். சுருதி மாறினாலோ நின்றாலோ ஒயர் போன வழிதான் காரணம். இன்புட் ஒயரைக் குட்டையாக்கி, ஷீல்டு ஒயராக மாற்றி, வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். ஐசியின் மின்காலுக்கு அருகிலேயே ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். பெட்டி பிளாஸ்டிக் என்றால் உள்ளே செம்பு டேப் ஒட்டி அதையும் கிரவுண்டில் இணைக்க வேண்டும். அலுமினியப் பெட்டிதான் என் பரிந்துரை.

கெயினைத் திருப்பினாலும் சுருதி மாறாத மெல்லிய விசில் என்றால் அது வேறு. ஐசிஎல்7660 போன்ற மின்னழுத்த மாற்றி ஐசி சுமார் 10 கிலோ ஹெர்ட்ஸில் துடிக்கும், அது காதுக்குக் கேட்கும். அதற்குப் பதில் டிசி1044எஸ் ஐசியைப் போட்டு அதன் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைத்தால் துடிப்பு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

வாசித்து முடித்து அப்படியே வைத்தால் மறுநாள் பேட்டரி காலி.

இன்புட்டில் ஸ்டீரியோ ஜாக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவை அதன் ரிங் முனையில் இணைத்திருக்க வேண்டும். மோனோ பிளக் செருகும்போது ரிங்கும் கிரவுண்டும் சேர்ந்து மின்சாரம் ஓடும். எனவே பிளக்கைக் கழற்றினால்தான் ஆஃப். எல்இடிக்கு 1 கிலோ ஓம் போட்டிருந்தால் அதுவே சுமார் 7 மில்லி ஆம்பியர் தின்னும், 4.7 கிலோ ஓம் ஆக்கினால் 1.5-தான், வெளிச்சமும் போதும்.

மிதிக்கும்போதெல்லாம் 'டக்' என்று பெரிய சத்தம்.

இன்புட்டிலிருந்தும் அவுட்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கெப்பாசிட்டரின் வெளிப்பக்கத்தில் தேங்கும் மின்னூட்டம் அதன் வழியே வடிந்துவிடும். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் வால்யூம் குமிழின் கால்களில் டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஏதாவது காட்டினால் அதற்கு முந்தைய கெப்பாசிட்டர் கசிகிறது. குமிழைத் திருப்பும்போது கேட்கும் கரகரப்புக்கும் அதுவே காரணம். எலக்ட்ரோலிட்டிக் என்றால் முனைகள் மாறியிருக்கிறதா என்று பார்த்து, அதே மதிப்பில் புதிதாகப் போடுங்கள்.