டிராகுலா படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை இப்போதுதான் முடித்தேன் சார். கதையை மாற்றாமல் எடுத்த படம் எது?

1977-ல் பிபிசி தொலைக்காட்சிக்காக எடுத்தது. லூயி ஜோர்டான் டிராகுலாவாக நடித்தார், சுமார் இரண்டரை மணி நேரம். நாவலில் தோழிகளான மினாவும் லூசியும் அதில் அக்கா தங்கையாகிவிடுகிறார்கள், லூசியை விரும்பும் இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிட்டார்கள். மற்றபடி நாவலை ஒட்டியே போகிறது. கோட்டைச் சுவரில் பிரபு தலைகீழாக ஊர்ந்து இறங்கும் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெயில் பட்டால் டிராகுலா செத்துவிடுவான்தானே? நாவலில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லையே.

உங்கள் கண் மேல் தப்பில்லை, நாவலில் அது கிடையவே கிடையாது. லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் அவனை மினாவின் கணவன் ஜொனாதன் ஹார்க்கர் பார்க்கிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவனைக் கொல்வது இரண்டு கத்திகள். சூரிய ஒளியில் கரைந்து போவது 1922-ல் முர்னாவ் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு' மௌனப் படத்தில் வந்தது. அப்புறம் வந்தவர்கள் அதையே விதியாக்கிவிட்டார்கள்.

கேள்வி: அந்தப் படத்தில் மட்டும் ஏன் ஓர்லாக் பிரபு என்று பெயர்?

உரிமை வாங்காமல் எடுத்த படம், அதனால்தான் பெயர்களை மாற்றினார்கள். ஆனாலும் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வந்தது. எப்படியோ சில பிரதிகள் தப்பின. ஃப்ளாரன்ஸ் பக்கம் நியாயம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பிரதிகள் தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: பெலா லுகோசியா, கிறிஸ்டோபர் லீயா?

லீ. 1931 படத்தில் லுகோசிக்குக் கோரைப்பல்கூடக் காட்டவில்லை. மேடையில் நடித்துப் பழகிய குரலும் பார்வையும்தான் அவர் பலம், அது பெரிய பலம். ஆனால் படம் பாதிக்கு மேல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதே அரங்குகளில் இரவு நேரத்தில் எடுத்த ஸ்பானிஷ் பதிப்பில் கேமரா இன்னும் நன்றாக நகர்கிறது.

1958 படத்தில் லீ ஆரம்பத்தில் ஹார்க்கரிடம் பேசுவதோடு சரி, அப்புறம் வாயே திறப்பதில்லை. நாவலும் அப்படித்தான். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் நேரில் வருவதே அபூர்வம். மற்றவர்களின் டைரியில்தான் வாழ்கிறான். அவன் நம் கண்ணில் படாததில்தான் நம் பயமே இருக்கிறது.

கேள்வி: 1992-ல் கொப்போலா இயக்கிய படத்தில் வரும் டிராகுலா, மினா காதல் நாவலில் உண்டா?

இல்லை. நாவலில் அவன் மினாவின் கழுத்தைப் பிடித்து, தன் நெஞ்சிலிருந்து வழியும் ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். அது வன்முறை. அதைக் காதலாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் படத்தின் அழகை மறுக்கவும் முடியாது. பிரபுவின் நிழல் அவனுக்கு முன்பே நகரும். கணினி வேலை இல்லாமல், பழைய கேமரா உத்திகளை வைத்தே கொப்போலா எடுத்தார். எய்கோ இஷியோகாவின் உடைகளுக்குக் கிடைத்த ஆஸ்கர் முழுக்க நியாயம்.

கேள்வி: 2024-ல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' பார்க்கலாமா?

பார்க்கலாம். முதலில் 1922 படம், பிறகு இது.

கேள்வி: இத்தனை படங்கள் வந்தும், இன்னும் சரியாக யாரும் எடுக்காத பகுதி எது?

மினாவின் தட்டச்சு. ஆளாளுக்கு எழுதிய டைரி, கடிதம், தந்தி, டாக்டர் சூவர்ட் மெழுகு உருளையில் பேசிப் பதிந்த குறிப்புகள் எல்லாவற்றையும் அவள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்குகிறாள். டிராகுலா எங்கே, என்ன செய்கிறான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிகிறது. அவனுக்கும் அது புரிந்துவிடுகிறது. ஓர் இரவு வந்து காகிதங்களை எரிக்கிறான், உருளைகளையும் தீயில் போடுகிறான். இன்னொரு பிரதி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது.