40 மீட்டர் என்றால் எங்கிருந்து 40?

கேள்வி: உடுமலைப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தென்னந்தோப்பு. வெள்ளை ஈ தாக்கிய மரங்களை மாதம் ஒருமுறை மேலிருந்து பார்ப்பதற்காக டிஜேஐ மினி 4 ப்ரோ வைத்திருக்கிறேன். ஆப்பில் பாதை போட்டு, 40 மீட்டர் உயரம் கொடுத்துப் பறக்கவிட்டேன். வீட்டுப் பக்கம் நன்றாகப் போனது. மேட்டுப் பக்கம் மட்டையை உரசுகிற மாதிரி போய்விட்டது. ட்ரோனில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் சொன்ன 40 மீட்டரை அது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 40 உங்கள் வீட்டு வாசலிலிருந்து. பாதைப் புள்ளிகளுக்குக் கொடுக்கும் உயரம் எல்லாமே ட்ரோன் கிளம்பிய இடத்தைச் சுழியமாக வைத்துத்தான். தரை ஏறுகிறதே என்று அது தானாக மேலே எழும்பாது. மேட்டுமூலை வாசலைவிட 20 மீட்டர் உயரம், அங்கே நிற்கும் நெட்டை மரம் 18 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-இல் 38 போனால் மிச்சம் இரண்டே மீட்டர். காற்றில் ஒரு மட்டை நிமிர்ந்தால் போதும்.

எனவே பாதை போடுவதற்கு முன்னால் தோப்பை அளக்க வேண்டும். ட்ரோனைக் கையால் ஓட்டி, உயரமான ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கேமரா நேராக, கிடைமட்டமாகப் பார்க்கட்டும். மரத்தின் உச்சி திரையின் நடுவில் வரும்வரை மெதுவாக உயரத்தைக் கூட்டிக் குறையுங்கள். அப்போது திரையில் தெரியும் எண்தான் கிளம்பிய இடத்திலிருந்து அந்த உச்சியின் உயரம். தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மேல் 15 மீட்டராவது சேர்த்து அந்தந்தப் புள்ளிக்குத் தனித்தனி உயரம் கொடுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ட்ரோன் சாய்ந்த கோட்டில்தான் ஏறும், இறங்கும். இடையில் மேடு இருந்தால் அங்கேயும் ஒரு புள்ளி வேண்டும்.

சேமித்து வைத்த பாதையை அடுத்த மாதம் ஓட்டும்போதும் அதே இடத்திலிருந்துதான் கிளப்ப வேண்டும். பத்து மீட்டர் பள்ளத்தில் இருக்கும் மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து கிளப்பினால் மொத்தப் பாதையும் பத்து மீட்டர் கீழே இறங்கிவிடும். பழகியவர்களும் இதில் தவறுகிறார்கள். என்னைக் கேட்டால் மேட்டுமூலையிலிருந்தே கிளப்புங்கள். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பள்ளத்துப் பக்கம் ட்ரோன் மரத்தைவிட்டு விலகித்தான் போகும். தோப்பு முழுவதும் கண்ணிலும் இருக்கும்.

திரும்பி வரும் உயரத்துக்கும் இதே கணக்குதான். சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று பாதை அமைப்பில் கேட்கும். 'தொடர்' என்று விடாமல் 'திரும்பி வா' என்று வையுங்கள். எந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் வந்தாலும் எதிலும் இடிக்காத அளவுக்கு அந்தத் திரும்பும் உயரம் இருக்கட்டும்.

எதிரில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் தடை உணரிகளை நம்பி உயரத்தைக் குறைக்க வேண்டாம். கரண்ட் கம்பி, மட்டையின் நுனி மாதிரி மெல்லியவற்றை அவை பல நேரம் பார்ப்பதில்லை. உங்கள் பக்கம் காற்றாலைகளும் உண்டு. புதிய காற்றாலைகளின் இறக்கை நுனி 120 மீட்டரையும் தாண்டும். அதனால் மேலே ஏறித் தப்பலாம் என்று நினைக்காமல் நன்றாகச் சுற்றிப் போங்கள்.

காற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று மரத்துக்கு மேலே இன்னும் பலமாக இருக்கும். உங்கள் ட்ரோன் தாங்குவது நொடிக்கு 10.7 மீட்டர் வரைதான். பேட்டரி நிறைந்திருக்கும்போதே மேற்குப் பக்கத்தை முடித்துவிடுங்கள். திரும்பும்போது காற்று தள்ளிக்கொடுக்கும். 34 நிமிடம் பறக்கும் என்பது காற்றில்லாத இடத்துக் கணக்கு. பாதையை 15 நிமிடத்துக்குள் அடக்கி, 30 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே தரை இறக்குங்கள்.

சட்டப்படி, 2021 ட்ரோன் விதிகளின் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பகுதி) 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுப் பாதையின் முதல் ஓட்டத்தை எல்லாப் புள்ளிகளையும் 20 மீட்டர் கூட்டி, மெதுவான வேகத்தில், விரலை நிறுத்தும் பொத்தானிலேயே வைத்து ஓட்டுங்கள். அது சரியாக வந்த பிறகு கீழே கொண்டுவரலாம்.

அப்புறம் கேமரா. வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மேலிருந்து கண்ணில் படுவது, அது சுரக்கும் தேன் போன்ற கழிவு கீழ்மட்டைகளில் விழுந்து படரும் கரும்பூசணம். நேர் கீழே பார்த்தால் மேல்மட்டைகள் அதை மறைத்துவிடும். கேமராவை 45 முதல் 60 டிகிரி சாய்த்து, தோப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஓட்டம் விடுங்கள்.