ஒரு பனிஸால் வந்த சண்டை

கேள்வி: அக்கா, மகனுக்கு 9 வயது. போன வருடம் டைப் 1 நீரிழிவு என்று சொன்னார்கள். ஒரு நாளைக்கு நாலு ஊசி. சாப்பாட்டை அளப்பது, இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழும்பி விரலில் குத்திப் பார்ப்பது எல்லாம் நான்தான். இவரோ பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், காலி வீதியில் நிறுத்திச் சீனிப் பனிஸ் வாங்கிக் கொடுக்கிறார். கேட்டால் “அவனும் மற்றப் பிள்ளைகள் மாதிரித்தானே” என்கிறார். மாமி கசாயம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறா. தினமும் சண்டை. எங்கள் வீடு மட்டும்தான் இப்படியா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் கசாயத்தை முடித்துவிடுவோம். இந்த வருத்தத்தில் உடம்பு தானாக இன்சுலின் சுரப்பதில்லை. கசாயத்தை நம்பி ஊசியை விட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. இதை மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம் தங்கச்சி, அவவின் மகன் சொல்லட்டும்.

பனிஸ் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. இன்சுலின் அளவோடு கணக்குப் பார்த்து எப்போதாவது கொடுக்க வழி உண்டு. அடுத்த கிளினிக்குக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். கணக்கில்லாமல் கொடுப்பதுதான் பிழை.

சண்டைக்கு வருவோம். அமெரிக்காவில் கத்லீன் நாஃபிள், ஜனட் டீட்ரிக் என்று இரண்டு தாதியியல் ஆய்வாளர்கள். தீராத வருத்தமுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி நாளை ஓட்டுகிறது என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். 1996இல் நாஃபிளும் கூட ஆராய்ந்தவர்களும் இப்படியான குடும்பங்களை ஐந்து விதமாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று ‘போராடும்’ குடும்பம். அதன் அடையாளமே தாயும் தகப்பனும் ஒத்துப்போகாததுதான். ஆக, உங்கள் வீடு மட்டும் இல்லை. குடும்பத்துக்குப் பெயர் ஒட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இன்றைக்குப் போராடுகிற வீடு அடுத்த வருடம் வேறு மாதிரி இருக்கும்.

பிறகு இவர்கள் பெற்றோருக்கென 53 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் செய்தார்கள். அதில் 8 கேள்விகள் துணையோடு வாழ்கிறவர்களுக்கு மட்டும்: இந்த வருத்தத்தை இருவரும் ஒரே கண்ணால் பார்க்கிறீர்களா என்ற மாதிரி. உங்களுக்கு மகன் என்றால் முதலில் ஊசி ஞாபகம் வருகிறது, இவருக்குப் பிள்ளை ஞாபகம் வருகிறது. இருவரும் இதை வாய்விட்டுக் கதைத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வார்டில் இருந்த காலத்தில் நானும் ஒரு பிழை விட்டேன். ஊசி போடுவதைத் தாய்மாருக்கு மட்டுமே பழக்குவேன். தகப்பன்மார் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு கதவடியில் நிற்பார்கள். ஒருநாள் அப்படி நின்ற ஒருவர் சட்டைப் பையிலிருந்து கலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் முழுக்க மகளின் சீனி அளவு, பார்த்த நேரம், அன்றைக்கு எத்தனை இடியப்பம் சாப்பிட்டாள் என்பதுவரை பென்சிலில். “வீட்ட காட்டேல்ல மிஸ், பிழையா எழுதியிருப்பனோ எண்டு பயம்” என்றார். அந்த மனுஷனுக்கு அக்கறையே இல்லை என்று மனைவி என்னிடம் அழுது ஒரு கிழமைகூட ஆகவில்லை.

மகன் நித்திரையான பிறகு ஒருநாள் இருவரும் இருங்கள். பனிஸை இழுக்காமல், “இந்த வருத்தத்தில் உங்களுக்கு எது பயம்?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே கதைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அப்புறம், கிளினிக்கில் இரவில் பார்க்கச் சொல்லியிருந்தால், குத்திப் பார்க்கவும், சீனி குறைந்தால் என்ன கொடுப்பது என்றும் இவருக்குப் பழக்கிவிட்டு, சனிக்கிழமை 2 மணி அலாரத்தை இவருடைய போனில் வையுங்கள்.